விரல் தேய்ந்தால் உரிமையும் தேயுமா?

விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் முந்திரி ஆலைகளில் கொட்டை உடைத்த தாய்மார்களின் விரல்களைப் பார்த்திருக்கிறீர்களா, தோழர்களே? ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைப் பொசுக்கும். முப்பது, நாற்பது ஆண்டுகள் பொசுங்கிய விரலிலே ரேகை எங்கே இருக்கும்? அந்த விரலைத்தான் ரேஷன் கடை இயந்திரத்தில் வைக்கச் சொல்கிறார்கள். "பதியவில்லை, நாளைக்கு வா" என்கிறார்கள். உதவித்தொகை கொண்டுவருகிறவர் கையிலும் அதே இயந்திரம், அதே பதில். உழைத்துத் தேய்ந்ததையே குற்றமாக்கி உழைத்தவளைத் திருப்பி அனுப்பும் விந்தையை என்னென்பது!

முதியோர் உதவித்தொகை எவரும் போட்ட பிச்சையல்ல. 1962 ஏப்ரலில் சென்னை ராஜ்யத்தில் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 2023-ல் 1,200 ஆயிற்று. களியக்காவிளைக்கு அப்பால் 2025 நவம்பரில் 2,000 ஆக்கினார்கள். தொகை போதுமா என்பது தனிப் போராட்டம். கிடைக்க வேண்டியதாவது கிடைக்கட்டும் என்பதே இன்றைய பேச்சு.

கிடைக்காதபோது மகன் என்ன செய்கிறான்? கடைக்காரரிடம் சத்தம் போடுகிறான். அவரும் சம்பளத்துக்கு உழைப்பவரே. இயந்திரத்தை அவர் செய்யவில்லை. சத்தம் அடங்கியதும் காகிதம் ஒன்றும் மிஞ்சுவதில்லை. அடுத்த மாதம் அம்மை மீண்டும் வரிசையில் நிற்கிறாள்.

ரேகை பதியாததைக் காட்டி மறுக்கலாகாதென்று ஆதார் ஆணையமே 2017 அக்டோபரில் சுற்றறிக்கை விட்டது. கருவிழியைப் பார், கைப்பேசிக்கு எண் அனுப்பு, அதுவும் ஆகாவிட்டால் பதிவேட்டில் எழுதிக்கொண்டு பொருளைக் கொடு என்றது. 70 வயது கடந்தோருக்கு வீட்டுக்கே ரேஷன் அனுப்பும் திட்டமும் 2025 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. சட்டம் நம் பக்கம் இருக்கும்போது கெஞ்சுவானேன்?

மனுவிலே கண்ணீர் வேண்டாம், விவரம் வேண்டும். எந்த நாள், எந்தக் கடை, எத்தனை முறை பதியவில்லை, என்ன பதில் சொன்னார்கள் என்று எழுதுங்கள். மனு அம்மையின் பெயரில், அவர் கைநாட்டோடு இருக்கட்டும். உங்களுக்கு அவர் கொடுத்த அதிகாரக் கடிதத்தையும் சேருங்கள். ரேஷனையும் பென்ஷனையும் தெருக்குழாயையும் ஒரே தாளில் அடைக்காதீர்கள். குமாஸ்தா குழாய்க்கு மட்டும் பதில் எழுதிக் கட்டை மூடிவிடுவார்! ரேஷனுக்கு வட்ட வழங்கல் அலுவலர், உதவித்தொகைக்குச் சமூகப் பாதுகாப்புத் தனித் தாசில்தார். அங்கே அசையாவிட்டால், திங்கட்கிழமை நாகர்கோவில் கலெக்டர் அலுவலகம். ரசீது வாங்காமல் படி இறங்காதீர்கள். பதிலே வராவிட்டால் 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில், "என் மனு எந்த மேசையில் எத்தனை நாள் கிடந்தது?" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், சிலருக்குக் கசக்கும். அம்மையின் பணத்தை வாங்கிக்கொண்டு அவரைத் திண்ணையில் போட்டிருக்கும் மகனும் உண்டு. அவன் நம் கொடியைப் பிடிப்பவனாகவும் இருக்கலாம். பிள்ளையைக் காட்டிக்கொடுக்கத் தாய்க்கு மனம் வராது. ஆகவே அவரைத் தனியே உட்காரவைத்துக் கேளுங்கள். அவர் விரும்பினால், 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி கோட்டாட்சியர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அவருக்கு இயலாதென்றால் அவர் அதிகாரம் கொடுத்த வேறொருவர் மனுச் செய்யலாம். தோழன் என்று பார்த்துக் கிளை வாய்மூடலாகாது.

கிளைச் செயலாளர்கள் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு இந்த வாரமே வீடுவீடாகப் போகட்டும். யாருக்கு எந்த மாதம் நின்றது என்ற கணக்கோடு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள்.