மூன்று நாள் பயிற்சிக்கு ஒரு பட்டமா?

ஜூலை பிறந்தால் ஊர்தோறும் சேவைச் சங்கங்களின் பணியேற்பு விழாக்கள் களைகட்டத் தொடங்கும். அந்த விழா அழைப்பிதழ் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெயருக்கு முன்னால் 'அரிமா' அல்லது 'ரொட்டேரியன்' என்றிருக்கும். பின்னால் பி.காம்., அதையடுத்து எம்.ஜே.எஃப்., பி.எச்.எஃப்., அதற்கும் பிறகு 'சர்டிஃபைடு டிரெய்னர்' என்று நீளும். எல்லாம் ஒரே எழுத்தளவில், ஒரே வரிசையில் இருக்கும். கல்லூரியில் மூன்றாண்டு படித்து வாங்கியது எது, நன்கொடை கொடுத்ததற்காகக் கிடைத்தது எது, வாரக் கடைசிப் பயிற்சியில் கிடைத்தது எது என்று படிப்பவர் பிரித்தறிய வழியே இல்லை.

சங்கத்துக்குள் இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. அங்கே எல்லோருக்கும் எல்லாம் தெரியும். அதே அழைப்பிதழ் பள்ளிக்கூடத்துக்கும் கல்லூரிக்கும் போகும்போதுதான் பிரச்னை தொடங்குகிறது.

முதலில், இந்த எழுத்துகள் எதைக் குறிக்கின்றன? பி.எச்.எஃப். என்பது பால் ஹாரிஸ் ஃபெல்லோ. 1905-ல் சிகாகோவில் ரோட்டரியைத் தொடங்கியவரின் பெயரால் வழங்கப்படும் கௌரவம். ரோட்டரி அறக்கட்டளைக்கு 1,000 டாலர் கொடுத்தவருக்கு, அல்லது அவர் யார் பெயரில் கொடுக்கிறாரோ அவருக்கு இது கிடைக்கும். எம்.ஜே.எஃப். என்பது அரிமா சங்கத்தை நிறுவிய மெல்வின் ஜோன்ஸின் பெயரிலானது. அரிமா பன்னாட்டு அறக்கட்டளைக்கு அதே 1,000 டாலர் அளிப்பவருக்குச் சொல்லப்படும் நன்றி அது. இரண்டும் உயர்ந்த செயலுக்கான அங்கீகாரம் என்பதில் சந்தேகமில்லை. 2014 மார்ச்சில் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று பெற்றதில் ரோட்டரி திரட்டிய பணத்துக்கும் உழைப்புக்கும் பெரும் பங்கு உண்டு. அரிமா சங்கங்களின் கண் சிகிச்சை முகாம்களால் பார்வை பெற்றவர்கள் நம் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். ஆனாலும் கொடை வேறு, கல்வித் தகுதி வேறு.

அடுத்தது பயிற்சிப் பட்டங்கள். ரோட்டரி தலைமைப் பயிலகத்தின் மூன்று கட்டப் பயிற்சியை முடித்தவரை 'கிராஜுவேட்' என்கிறார்கள். அரிமா சங்கத்தில் பயிற்றுநர்களை உருவாக்கும் சில நாள் முகாமின் பெயரிலேயே 'ஃபேகல்டி' இருக்கிறது. ஜே.சி.ஐ. என்ற இளைஞர் அமைப்பிலும் பயிற்சியாளர்களுக்குப் படிப்படியாகத் தகுதி நிலைகள் உண்டு. கூட்டம் நடத்துவது, மேடையில் பேசுவது, குழுவை வழிநடத்துவது, சேவைத் திட்டம் தீட்டுவது ஆகியவைதான் பெரும்பாலும் பாடங்கள். பயனுள்ள பாடங்கள்தான். மைக்கைப் பார்த்தாலே நா வறண்டுபோன எத்தனையோ வியாபாரிகள் இந்தப் பயிற்சிகளால் தைரியமாகப் பேசக் கற்றிருக்கிறார்கள். ஆனால் இவற்றுக்குப் பல்கலைக்கழக ஒப்புதல் கிடையாது. வெளித் தேர்வாளர் வந்து விடைத்தாள் திருத்துவதும் இல்லை. சங்கம் தன் உறுப்பினர்களுக்காக நடத்துவது, சங்கப் பணிக்குப் போதுமானது, அவ்வளவுதான்.

இனி பள்ளிக்கூடத்துக்கு வருவோம். பொதுத்தேர்வு நெருங்கும்போது தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் வரும்: 'உங்கள் மாணவர்களுக்கு இலவசமாக ஆளுமைத் திறன் பயிற்சி நடத்தித் தருகிறோம்.' நிதியில்லாத அரசுப் பள்ளிக்கு அது பேருதவி. பயிற்சியாளரின் பெயருக்குப் பின்னால் நிற்கும் எழுத்துகளைப் பார்த்துப் பெரிய படிப்புப் படித்தவர் என்றே ஆசிரியரும் நம்புகிறார். 'மனநல ஆலோசகர்' என்று மேடையில் அறிமுகம் செய்தாலும் யாரும் மறுப்பதில்லை.

நிகழ்ச்சி முடிந்து கூட்டம் கலையும்போது ஒரு மாணவி தயங்கித் தயங்கி அவரிடம் வருகிறாள் என்று வையுங்கள். அவளுக்கு இரவில் தூக்கமில்லை, வீட்டில் நிம்மதியில்லை, வாழவே பிடிக்கவில்லை. இவர் படித்தவர், வழி சொல்வார் என்று நம்பி வாய் திறக்கிறாள். மேடைப் பேச்சு மட்டும் கற்றவர் என்ன சொல்வார்? 'தன்னம்பிக்கையோடு இரு' என்பார். உடனே மருத்துவரிடம் போயிருக்க வேண்டிய பிள்ளை அந்த ஒரு வரியோடு வீடு திரும்புவாள். மனநலத் துறையில் மருத்துவ உளவியலாளராகப் பணியாற்ற 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தப் பதிவைக் கேட்டுப் பார்க்கும் பள்ளிகள் எத்தனை?

வெளியாரைத் தகுதி பார்க்காமல் மாணவர் முன் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னை அசோக் நகர் அரசுப் பெண்கள் பள்ளியில் 2024-ல் நடந்ததே போதுமான பாடம். மாற்றுத்திறனாளிகளின் நிலைக்கு முற்பிறவிப் பாவமே காரணம் என்ற ரீதியில் பேசிய ஒருவரை, அங்கேயே ஓர் ஆசிரியர் தட்டிக்கேட்க வேண்டியிருந்தது. அவர் எந்தச் சேவைச் சங்கத்தையும் சேர்ந்தவராக வரவில்லை. ஆனால் பள்ளிகள் யாரையும் விசாரிக்காமல் உள்ளே விடுகின்றன என்பது அன்று வெட்ட வெளிச்சமானது.

சட்டம் என்ன சொல்கிறது? பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் 1956-ன் 22-ஆம் பிரிவின்படி, பல்கலைக்கழகங்களும் அதற்கு அதிகாரம் பெற்ற நிறுவனங்களும் மட்டுமே பட்டம் வழங்கலாம். மீறினால் அதிகபட்ச அபராதம் ஆயிரம் ரூபாய்! போலிப் பட்டம் அச்சடிப்பவருக்கே இவ்வளவுதான் தண்டனை. 'ஃபெல்லோ', 'கிராஜுவேட்' போன்ற சங்கப் பட்டங்களோ அந்தச் சட்டம் சொல்லும் 'பட்டம்' என்ற வரையறைக்குள்ளேயே வருவதில்லை. ஆகவே இதைத் தடுக்க ஆளில்லை.

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். பாரத ரத்னா, பத்ம விருதுகளைக்கூடப் பெயருக்கு முன்னும் பின்னும் பட்டம்போல் போட்டுக்கொள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் தீர்ப்பளித்தது. நாட்டின் மிக உயர்ந்த விருதுக்கே அந்தக் கட்டுப்பாடு என்றால், ஒரு சங்கத்தின் நன்றிச் சான்றிதழைப் பெயரோடு ஒட்டிக்கொள்வது முறையா?

தீர்வு கடினமானதல்ல. சங்கங்களின் மாவட்ட ஆளுநர்கள் நினைத்தால் ஒரு சுற்றறிக்கையில் பாதி வேலை முடிந்துவிடும். பட்ட எழுத்துகளைச் சங்க நிகழ்ச்சிகளோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லலாம். வெளியே போகும் பயிற்சியாளர், தான் எந்தச் சங்கத்தில் எத்தனை நாள் பயிற்சி பெற்றார் என்பதை முழுமையாக எழுதச் செய்யலாம். சான்றிதழிலேயே 'இது கல்வித் தகுதி அல்ல' என்று ஒரு வரி அச்சிடலாம்.

பள்ளிக்கல்வித் துறை, வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு பயிற்சியாளரின் கல்விச் சான்றையும் பேசப்போகும் பொருளையும் முன்கூட்டியே எழுத்தில் பெற வேண்டும். மனநல ஆலோசனை என்றால் பதிவு எண் இல்லாத யாரையும் அனுமதிக்கக் கூடாது. பட்ட மோசடிக்கான ஆயிரம் ரூபாய் அபராதத்தை மத்திய அரசு இனியும் அப்படியே வைத்திருக்கக் கூடாது.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளையின் பள்ளிக்கு யாராவது பயிற்சி கொடுக்க வந்தால், 'ஐயா, நீங்கள் என்ன படித்தீர்கள், எங்கே படித்தீர்கள்?' என்று மரியாதையோடு கேளுங்கள். உண்மையாகச் சேவை செய்ய வந்தவர் அதற்குக் கோபப்பட மாட்டார். சேவைச் சங்க நண்பர்களே, உங்கள் தொண்டுக்கு ஊர் கொடுக்கும் மரியாதை எந்தப் பட்டத்தையும்விடப் பெரியது. அந்த மரியாதை குறையாமல் இருக்க, இந்த ஆண்டு அழைப்பிதழிலிருந்தே திருத்தத்தைத் தொடங்குங்கள்.