நாய் உங்களுக்கு, நாற்றம் ஊருக்கா?

ஆழ்வார்திருநகரியில் நாய்க்குத் தனி மரியாதை உண்டு. இந்த வீதியில் எச்சில் சோறு தின்ற நாய் ஒன்று தாமிரபரணியில் முங்கிச் செத்து, நேராக மோட்சத்துக்குப் போனது என்பது ஊரறிந்த கதை. அதைக் கண்ட சித்தர், தனக்கும் அந்தப் பாக்கியம் வேண்டும் என்று நம்மாழ்வாரிடம் முறையிட்டாராம்.

நாய்க்கு மோட்சம் கிடைக்கட்டும். விடியற்காலையில் நாயைச் சங்கிலியில் இழுத்து வந்து, அடுத்த வீட்டுக் கோலத்துக்குப் பக்கத்தில் 'காரியத்தை' முடிக்க வைத்துவிட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டே நழுவுகிறாரே ஒரு கனவான்... அவருக்கு?

தெரு நாய் விவகாரம் வேறு. அது 2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு வரை போன சங்கதி. நான் கேட்பது சங்கிலி போட்ட நாயைப் பற்றி. அதற்கு ஒரு எஜமான் இருக்கிறார் அல்லவா?

இது வெறும் அருவருப்பு இல்லை. நாயின் குடலில் கொக்கிப்புழு இருந்தால் முட்டை மலத்தோடு வெளியே வரும். ஈர மண்ணில் பொரித்து, வெறுங்காலில் நடப்பவர் தோலுக்குள் நுழையும். கோடு கோடாகத் தடித்து அரிப்பு பிடுங்கும். வைகாசியில் ஒன்பது கருட சேவைக்கு வருகிற கூட்டத்தில் செருப்பு போட்டவர் எத்தனை பேர்? மண்ணில் விளையாடுகிற பிள்ளைகளுக்கு உருண்டைப்புழு ஆபத்து. சில சமயம் அது கண்ணையே கெடுத்துவிடும்.

"அப்போ நாயை எங்கேதான் கொண்டு போறது?" என்பீர்கள். எங்கேயும் வேண்டாம், வீட்டுக்குள்ளேயே பழக்குங்கள். சிரிக்காதீர்கள்!

நாய் ஏறி நின்று ஒரு சுற்று திரும்புகிற அளவுக்கு அகலமான பிளாஸ்டிக் தட்டு. அதில் மரத்தூள் அல்லது தென்னை நார்த்தூள். ஆற்று மணல் வேண்டாம். அள்ளப் போய் போலீசில் மாட்டினால் நான் பொறுப்பல்ல. ஒன்றும் கிடைக்கவில்லையா? பழைய பேப்பர் போதும். இந்தப் பேப்பரையே படித்துவிட்டு விரியுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டோம்.

குட்டி தூங்கி எழுந்ததும், தின்று முடித்த சற்று நேரத்திலும், விளையாடி ஓய்ந்ததும் தூக்கித் தட்டில் விடுங்கள். முடித்த அந்த நிமிடமே ஒரு துண்டு பிஸ்கட், ஒரு தட்டிக்கொடுப்பு. அரை மணி கழித்துக் கொடுத்தால் எதற்கென்று அதற்குத் தெரியாது. 2 மாதக் குட்டியால் அதிக நேரம் அடக்கவும் முடியாது. தப்பான இடத்தில் போனால் சிலர் அதன் மூக்கைப் பிடித்துத் தேய்க்கிறார்கள். மகா பாவம், பிரயோஜனமும் கிடையாது. நாய் பயந்து கட்டிலுக்கடியில் ஒளிந்து போகப் பழகும், அவ்வளவுதான். அந்த இடத்தை வாடை போகக் கழுவிவிடுங்கள். வாடை இருந்தால் திரும்ப அங்கேயே வரும்.

2023 டிசம்பர் வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மாதிரி நேரத்தில் தட்டில் பழகிய நாய் என்றால் ஒரு கவலை குறைவு.

பொமரேனியன் மாதிரி சின்ன சாதிக்கு இது சரிப்படும். ராஜபாளையம், சிப்பிப்பாறைக்குத் தட்டு எம்மாத்திரம்? அது ஓடப் பிறந்தது, வெளியே கூட்டிப் போகத்தான் வேண்டும். போகும்போது கையில் ஒரு பை இருக்கட்டும். நியூயார்க்கில் 1978-லேயே இதற்குச் சட்டம் போட்டாச்சு. கோட்டு சூட்டு போட்டவரும் அங்கே குனிந்து அள்ள வேண்டியதுதான். இங்கே உங்கள் நாய் விட்டதைத் தூய்மைப் பணியாளர் அக்கா வாரியலால் கூட்ட வேண்டுமா? என்ன அய்யா நியாயம்?

பூச்சி மருந்தையும் மறக்காதீர்கள். குட்டி பிறந்த 2 வாரத்திலிருந்து 3 மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கொடுக்க வேண்டும். அளவைக் கால்நடை டாக்டரிடம் கேளுங்கள். 3 மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டுவிடுங்கள்.