மூளையைக் காக்கும் மருத்துவம் தோற்றுவிட்டதா?

“பக்கவாதத்துக்குச் சிகிச்சை ஒன்றுதான்: ரத்தக்கட்டைக் கரைக்க வேண்டும், இல்லையென்றால் வெளியே எடுக்க வேண்டும். மூளைச் செல்களையே காப்பாற்றும் சிகிச்சை என்பது தோற்றுப்போன கனவு.” மருத்துவ வட்டாரங்களில் இப்படி ஒரு கருத்து வேரூன்றியிருக்கிறது. கட்டை நீக்குவதே முதல் வேலை என்பதில் மறுப்பில்லை. ஆனால் அதோடு எல்லாம் முடிந்தது என்பதை ஏற்க முடியாது. அந்தக் கருத்தைத் தாங்கி நிற்கும் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

“ரத்தம் நின்றால் சில நிமிடங்களில் மூளை செத்துவிடும்”

இதயம் நின்றுபோனவருக்கு இது பொருந்தும். பக்கவாதத்தில் ஒரு குழாய் அடைபட்டாலும் பக்கத்துக் குழாய்கள் வழியே கொஞ்சம் ரத்தம் வந்துகொண்டிருக்கும். நலமான மூளையில் 100 கிராம் திசுவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மி.லி. ரத்தம் பாய்கிறது. அது ஏறக்குறைய 20க்குக் கீழே இறங்கினால் நரம்புச் செல்கள் வேலையை நிறுத்துகின்றன. 10க்குக் கீழே போனால்தான் செல்சவ்வு நிலைகுலைகிறது. இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் அகப்பட்ட பகுதியை ஆஸ்ட்ரப், சீஸ்யோ, சைமன் மூவரும் 1981இல் ‘பெனம்ப்ரா’ என்று விளக்கினார்கள். நோயாளியின் கை அசையாமல் கிடக்கலாம். அதை அசைக்கும் செல்களில் பல இன்னும் உயிரோடு இருக்கலாம்.

அந்தச் செல்கள் சாவதும் படிப்படியாகத்தான். ஆற்றல் வற்றியதும் க்ளூட்டமேட் என்ற வேதிப்பொருள் அளவின்றி வெளியேறுகிறது. அது திறந்துவிடும் வாயில்கள் வழியே கால்சியம் செல்லுக்குள் பாய்கிறது. மைட்டோகாண்ட்ரியா பழுதாகிறது, ஃப்ரீ ரேடிக்கல்கள் பெருகுகின்றன, பிறகு நாட்கணக்கில் அழற்சி தொடர்கிறது. இதில் ஒவ்வொரு படியும் தடுத்து நிறுத்த முயலக்கூடிய இடம். 2018இல் வெளியான டான், டிஃபியூஸ் 3 ஆய்வுகளில், ஸ்கேனில் காப்பாற்றத்தக்க திசு தெரிந்தவர்களுக்கு முறையே 24, 16 மணி நேரம் வரையிலும் கட்டை எடுத்தது பலன் தந்தது. எல்லாம் நிமிடங்களில் முடிந்திருந்தால் இது நடந்திருக்காது.

“ஆயிரம் மருந்துகள் தோற்றுவிட்டன”

2006இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் தொகுத்த பட்டியலில் பக்கவாதத்துக்கான 1,026 சோதனைச் சிகிச்சைகள் இருந்தன. அவற்றில் மனிதரிடம் சோதிக்கப்பட்டவை 114 மட்டுமே. அந்த 114உம் விலங்குகளிடம் மற்றவற்றைவிடச் சிறப்பாக வேலை செய்ததற்குச் சான்றில்லை என்றும் அவர்கள் எழுதினார்கள். சிறந்தவை தேர்ந்தெடுக்கப்பட்டு, அவை தோற்றன என்று சொல்ல இடமில்லை.

சோதித்த விதத்திலும் கோளாறு இருந்தது. இளம் எலிக்கு, பெரும்பாலும் அடைப்பு ஏற்பட்ட சிறிது நேரத்தில் மருந்து கொடுத்தார்கள். நோயாளியோ முதியவர், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர், மருந்து கிடைத்தது பல மணி நேரம் கழித்து. அப்போதும் குழாய் அடைபட்டே இருந்ததால் சேர வேண்டிய இடத்துக்கு அது சரியாகப் போய்ச் சேரவும் இல்லை. இன்னொன்று: எலி பகலில் உறங்கும் பிராணி. பகலில் எலியைக் காத்த சிகிச்சைகள் அதே எலி விழித்திருக்கும் இரவில் காக்கவில்லை என்று 2020இல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. மனிதரைப் பெரும்பாலும் பகலில் தாக்கும் பக்கவாதத்தை, உறங்கும் நேரத்து எலியை வைத்து எடைபோட்டிருக்கிறோம்.

“மனித மூளையில் செல்களைக் காப்பது நடந்ததே இல்லை”

நடந்திருக்கிறது. பிறக்கும்போது மூச்சுத்திணறி மூளை பாதிக்கப்பட்ட குழந்தையின் உடலை 6 மணி நேரத்துக்குள் 33–34 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்து 72 மணி நேரம் வைத்திருப்பது மரணத்தையும் ஊனத்தையும் குறைக்கிறது. பணக்கார நாடுகளில் இது வழக்கமான சிகிச்சை. ஆனால் இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் நடந்து 2021இல் வெளியான ஹெலிக்ஸ் ஆய்வில் இதே முறை பலன் தரவில்லை, உயிரிழப்பும் கூடியது. யாருக்கு, எப்போது, எந்த நிலையில் என்பதைப் பொறுத்துப் பலன் மாறலாம் என்பதை இது காட்டுகிறது.

“கட்டை எடுத்துவிட்டால் போதும்”

கட்டை எடுக்கும் சிகிச்சையை நிலைநாட்டிய ஐந்து ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால், அந்தச் சிகிச்சை பெற்றவர்களில் தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் நிலைக்கு மீண்டவர்கள் 46 சதவீதம். பெறாதவர்களில் 26.5 சதவீதம். மகத்தான முன்னேற்றம்தான். ஆனாலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் மீளவில்லை. பெரிய குழாய் திறந்த பிறகும் நுண்குழாய்கள் சுருங்கியே கிடக்கலாம். திரும்பப் பாயும் ரத்தமே ஃப்ரீ ரேடிக்கல்களைப் பெருக்கலாம். செல்லைக் காக்கும் சிகிச்சையின் தேவை இங்கேதான் தொடங்குகிறது. குழாய் திறந்துவிட்டதால், மருந்து போய்ச் சேர இப்போது வழியும் இருக்கிறது.

இதற்காக எந்த மருந்தையும் கண்ணை மூடிக்கொண்டு ஆதரிக்கவில்லை. நம் நாட்டில் தாராளமாக எழுதித்தரப்படும் சிட்டிகோலின், 2012இல் 2,298 நோயாளிகளிடம் நடந்த ஐரோப்பிய ஆய்வில் பலன் காட்டவில்லை. நெரினெடைட் என்ற மருந்தும் பெரிய ஆய்வுகளில் ஒட்டுமொத்தமாகத் தேறவில்லை. சான்று கேட்பது நியாயம். முயற்சியையே கைவிடச் சொல்வது நியாயமில்லை.

மூளையைக் காக்கப் புதிய மருந்துக்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவில் 19 பக்கவாதப் பிரிவுகளில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், ஒரு தொகுதிப் பிரிவுகளில் செவிலியர்கள் காய்ச்சல், சர்க்கரை, விழுங்கும் திறன் மூன்றையும் முதல் 72 மணி நேரம் ஒழுங்காகக் கவனித்தார்கள். 90 நாள் கழித்து இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து வாழ்ந்தவர்களுமாக அங்கே 42 சதவீதம். வழக்கமான கவனிப்பு தொடர்ந்த மற்ற பிரிவுகளில் 58 சதவீதம்.

முகம் கோணினால், கை விழுந்தால், பேச்சு குழறினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மருத்துவமனையில் சேர்த்த பிறகு, காய்ச்சலும் சர்க்கரையும் விழுங்கும் திறனும் பார்க்கப்படுகின்றனவா என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது உங்கள் உரிமை.