மாசித் திருவிழாவுக்கு இருப்பேனா?

ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு புறநோயாளி நாள். வேடசந்தூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் வந்திருந்தார், வயது அறுபதைத் தொட்டிருக்கும். மடியில் மஞ்சள் பை. உள்ளே ஸ்கேன் படம், சதைப் பரிசோதனை அறிக்கை, ஆதார் நகல், ஈரத்துணியில் சுற்றிய கொஞ்சம் வெற்றிலை. புகையிலையை விட்டு ஆறு மாதமாகியும் வெற்றிலையை விட அவருக்கு மனம் வரவில்லை. கன்னத்துப் புற்றுநோய். அறுவையும் கதிர்வீச்சும் முடிந்தபின் திரும்ப வந்து, கழுத்தைத் தாண்டி நுரையீரலுக்கும் பரவியிருந்தது. மகன் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "அம்மாவுக்கு எதுவும் தெரிய வேண்டாம் சார்" என்றார். தலையாட்டிவிட்டு உள்ளே வந்தேன். அந்த அம்மா கேட்டார்: "மாசித் திருவிழாவுக்கு இருப்பேனா சாமி? கோட்டை மாரியாத்தாளுக்குத் தீச்சட்டி எடுக்கறதா நேந்திருக்கேன்."

"அதெல்லாம் இருப்பீங்கம்மா, கவலைப்படாதீங்க" என்றேன். கட்டு மாற்றிக்கொண்டிருந்த செவிலியர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

தை மாதக் கடைசியில் அவர் இறந்துபோனார். மிச்சமிருந்த மார்ஃபின் மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்க மகன் வந்தார். கோபமில்லை அவரிடம். "தெரிஞ்சிருந்தா கார்த்திகையிலயே கூட்டிட்டுப் போயி நேத்திக்கடனை முடிச்சிருப்போம் சார். அப்ப நல்லா நடந்துக்கிட்டுதான் இருந்துச்சு" என்றார்.

நான் சொன்ன பொய் அந்த அம்மாவிடமிருந்து ஒரு கார்த்திகை மாதத்தைப் பறித்தது. சக மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் இந்த இதழில் நான் எழுத நினைப்பது அதைப் பற்றித்தான்.

முற்றிய புற்றுநோய் என்றதும் நம்மிடம் இரண்டு பேச்சுகள்தான் இருக்கின்றன. ஒன்று, "ஒண்ணுமில்ல, சரியாயிடும்." மற்றது, "இனி செய்யறதுக்கு எதுவுமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க." இரண்டாவதற்கு நம் மக்கள் பேர் வைத்திருக்கிறார்கள்: டாக்டர் கையை விரிச்சிட்டார். முதலாவதை நம்பியவர்கள் காடு கரையை விற்றுக் கீமோ ஏற்றுகிறார்கள். இரண்டாவதைக் கேட்டவர்கள், குணமாகக்கூடிய நோயோடும் வீட்டில் படுத்துவிடுகிறார்கள்.

இந்தக் குழப்பத்துக்கு "முத்திப்போச்சு" என்ற ஒரு சொல்லே பாதிக் காரணம். கருப்பை வாய்ப் புற்றுநோய் 3பி நிலையில் வரும் பெண்ணுக்கும் இதைச் சொல்கிறோம், கல்லீரலுக்குப் பரவியவருக்கும் இதையே சொல்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 3பி நிலையிலிருந்த 850 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2018இல் வெளியானது. கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டினும் பெற்றவர்களில் 54 சதவீதம் பேர் ஐந்தாண்டு கழித்தும் உயிரோடு இருந்தார்கள். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில்கூட 46 சதவீதம். பாதிப் பேர் பிழைக்கும் நோய்க்கு "முத்திப்போச்சு" என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? அவரிடம் சொல்ல வேண்டிய செய்தியே வேறு: இது குணமாக்கும் நோக்கத்தோடு செய்யும் வைத்தியம், உள்கதிர்வீச்சு வரை சேர்த்து எட்டு வாரத்துக்குள் முடிக்க வேண்டும், வெங்காய அறுவடை, பேத்தி சடங்கு என்று நடுவில் நின்றுவிட்டால் பலன் குறையும். மதுரைக்குப் போய்வர அலுத்து நாலாவது வாரத்தில் நின்றுவிட்ட பெண்கள் எத்தனை பேரை நாம் பார்த்திருக்கிறோம்! நோக்கம் என்னவென்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள் என்றே எனக்குப் படுகிறது.

இதே நோயில் நம் மாவட்டம் உலகத்துக்கே ஒரு பாடம் சொல்லியிருக்கிறது. ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கை கிறிஸ்டியன் ஃபெலோஷிப் சமுதாய நல மையமும், பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வு அது. திண்டுக்கல் மாவட்டத்து ஊர்களை 114 தொகுதிகளாகப் பிரித்தார்கள். பாதித் தொகுதிகளில், 30 முதல் 59 வயது வரையிலான பெண்களுக்குக் கருப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் சோதனை. பார்த்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். 2007இல் லான்செட் இதழில் முடிவு வந்தது: நோய் 25 சதவீதமும் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தன. அந்தக் கட்டுரையில் என்னை உறுத்துவது வேறொரு எண். சோதனைக்குரிய 49,311 பெண்களில் வந்தவர்கள் 31,343 பேர். ஏறக்குறைய பதினெட்டாயிரம் பேர் வரவில்லை. அந்தத் தலைமுறைப் பெண்கள்தான் இன்று அறுபது எழுபது வயதில், இரத்தப் போக்கோடும் இடுப்பு வலியோடும் நம் வாசலுக்கு வருகிறார்கள். ஒருமுறை தவறியவர்களை நம் பேச்சால் இன்னொருமுறை தவறவிடக் கூடாது.

இனி, நோய் உண்மையிலேயே குணமாகாத இடத்தில் என்ன சொல்வது? இதில் பெரிய நாடுகளும் தேறிவிடவில்லை. அமெரிக்காவில் பரவிய நுரையீரல், பெருங்குடல் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்ட 1,193 பேரிடம் கேட்டுப் பார்த்தார்கள்; 2012இல் வெளியான ஆய்வு. நுரையீரல் நோயாளிகளில் 69 சதவீதம் பேரும் குடல் நோயாளிகளில் 81 சதவீதம் பேரும், அந்தக் கீமோ நோயைக் குணமாக்காது என்பதைப் புரிந்துகொண்டிருக்கவில்லை. படிப்பறிவு இல்லாததால்தான் நம் நோயாளிகளுக்குப் புரியவில்லை என்று இனியும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

"எத்தனை நாள்?" என்ற கேள்விக்கு ஒற்றை எண்ணைச் சொல்வது தவறு. சிட்னியைச் சேர்ந்த மார்ட்டின் ஸ்டாக்லர், பெலிண்டா கைலி குழுவினர் காட்டிய கணக்கு ஓ.பி.யிலும் மனத்தில் போடும் அளவுக்கு எளிது. ஆய்வு சொல்லும் இடைநிலைக் காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய பாதிப் பேர் அதன் பாதிக்கும் இரட்டிப்புக்கும் இடையில் வாழ்வார்கள். பத்தில் ஒருவர் அதன் கால்பங்குக்குள் போய்விடலாம். பத்தில் ஒருவர் மூன்று மடங்கைத் தாண்டலாம். இடைநிலை 10 மாதம் என்றால், "உங்களை மாதிரி இருக்கிறவங்கள்ல பாதிப் பேர் அஞ்சு மாசத்திலேர்ந்து ஒண்ணரை வருசத்துக்கு மேல வரைக்கும் இருக்காங்க, சில பேர் ரெண்டு மூணு மாசத்திலயே போயிடறாங்க, சில பேர் ரெண்டரை வருசம் தாண்டியும் இருக்காங்க" என்று சொல்லலாம். நம் மக்கள் காலத்தைத் தைப்பூசத்தாலும் பங்குனி உத்திரத்தாலும் அளக்கிறவர்கள். கேள்வி திருவிழாவாக வந்தால் பதிலும் அப்படியே போகட்டும்.

10 மாதம் என்பதைச் சும்மா எடுத்துக்காட்டுக்குச் சொல்லவில்லை. வாய், தொண்டைப் புற்றுநோய் பரவியவர்களுக்கு மெத்தோட்ரெக்சேட், செலகாக்ஸிப், எர்லோட்டினிப் மாத்திரைகளோடு மூன்று வாரத்துக்கொருமுறை 20 மில்லிகிராம் நிவோலுமாப் சேர்த்து டாட்டா மருத்துவர்கள் செய்த ஆய்வின் இடைநிலைக் காலம் 10.1 மாதம். மாத்திரை மட்டும் பெற்றவர்களுக்கு 6.7. ஓராண்டு தாண்டியவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதமாகக் கூடினார்கள். வழக்கமான நிவோலுமாப் அளவில் இது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதுவும் எட்டாதவருக்கு மெத்தோட்ரெக்சேட், செலகாக்ஸிப் மாத்திரைகள் இருக்கின்றன. 2020இல் வந்த ஆய்வில் சிஸ்பிளாட்டின் ஊசி 6.1 மாதம் தந்த இடத்தில் அவை 7.5 மாதம் தந்தன. புகையிலை விளைந்த இந்தச் சமவெளியில் பணி செய்யும் ஒவ்வொருவரும் இவற்றைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். விலை உயர்ந்ததுதான் வைத்தியம், மற்றதெல்லாம் கைவிடல் என்று நோயாளிக்கு நாமே கற்றுக்கொடுத்துவிடக் கூடாது.

எலும்புக்குப் பரவி வலியில் துடிப்பவருக்கு, மக்கள் "கரண்ட் வைக்கிறது" என்று சொல்லும் கதிர்வீச்சு, பெரும்பாலும் 8 கிரே ஒரே வேளையில் போதும். வலி குறைவதில் பத்து நாள் சிகிச்சைக்கு அது இளைத்ததில்லை. பின்னாளில் மறுபடி தேவைப்படும் வாய்ப்பு மட்டும் அதிகம். நத்தத்திலிருந்து பத்து நாள் பேருந்தில் போய்வருவதா, ஒருநாள் போய்வருவதா என்பதை நோயாளிதான் சொல்ல வேண்டும். அவரைக் கேட்கிறோமா? மார்ஃபின் கடைசி நாளைக்கான மருந்தில்லை. 2014இல் சட்டம் திருத்தப்பட்டு உரிமக் கெடுபிடிகள் தளர்ந்தன, ஆனால் நம் தயக்கம் தளரவில்லை. வலி வந்த அன்றே, மலமிளக்கியோடு, நேரம் தவறாமல் கொடுக்க வேண்டிய மருந்து அது. பாஸ்டனில் 2010இல் வெளியான ஆய்வில், நோய் கண்டதிலிருந்தே ஆதரவுச் சிகிச்சையும் பெற்ற நுரையீரல் நோயாளிகள் 11.6 மாதமும், மற்றவர்கள் 8.9 மாதமும் வாழ்ந்தார்கள்.

மகன்களைக் குறை சொல்லமாட்டேன். வராந்தாவில் நம்மை மறிப்பது பாசம். அதை உடைக்கவும் வேண்டாம், அதற்கு உடன்படவும் வேண்டாம். இப்போது நான் சொல்வது இது: "தம்பி, நானா போய் எதையும் கொட்டமாட்டேன். ஆனா அம்மாவே கேட்டா பொய் சொல்லமாட்டேன். அவங்களுக்கு என்ன தெரியும்னு முதல்ல கேப்போம், நீங்களும் கூட இருங்க." பெரும்பாலான அம்மாக்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. மகன் உடைந்துபோவானே என்று அவர்கள்தான் மறைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தப் பேச்சு மருத்துவரின் அறையில் மட்டும் நடக்க வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஆதரவுச் சிகிச்சைச் செவிலியர்கள் வீட்டுக்கே போகிறார்கள். திண்ணையில் உட்கார்ந்து கட்டு மாற்றும் அவரிடம்தான் அந்தக் கேள்வி முதலில் வருகிறது. அவர் கையில் இருக்கும் நோட்டில் நாம் எழுதியிருப்பதோ நோயின் பேரும் மருந்தின் பேரும் மட்டும். முதல் பக்கத்தில் ஒரு வரி சேர்ப்போம். நோக்கம்: குணமாக்குவது, ஆயுளை நீட்டுவது, வலியில்லாமல் வைத்திருப்பது, இதில் எது? நோயாளியிடம் அதைச் சொன்னது யார், என்றைக்கு? இருபத்தைந்து ஆண்டுக்கு முன் இதே ஊர்களில் செவிலியர்களை நம்பி ஒரு பெரும் ஆய்வையே ஒப்படைத்திருக்கிறோம். இந்த ஒரு வரியை நம்பி ஒப்படைக்க முடியாதா?

அடுத்த இதழிலிருந்து இதற்கென ஒரு பக்கம் ஒதுக்குகிறோம். நோயாளி கேட்ட கேள்வி, நீங்கள் சொன்ன பதில் இரண்டையும் பேச்சுத் தமிழிலேயே எழுதி அனுப்புங்கள். பேரும் ஊரும் வேண்டாம். பதில் தவறிப்போனதாக நீங்கள் நினைப்பவற்றையும் அனுப்புங்கள். முதலாவதாக என்னுடையதைப் போடுகிறேன்.