நாள் வேறு, நொடி வேறு

நாள் கணிப்பவனைக் கணியன் என்றழைத்தது பழந்தமிழ். கணினியும் அதே வேரில் முளைத்த சொல்தான். பெயரிலேயே கணியைச் சுமக்கும் கணியூரில் பிறந்தவன் நான்; ஒரு தேதியை ஒரு நாள் பிசகாகக் கணித்த கதையைச் சொல்லிவிட்டுத்தான் என் கட்சியை முன்வைக்க வேண்டும்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு, சரக்கு அனுப்ப வேண்டிய தேதிகளைக் குறித்து வைக்கும் இணையச் செயலி ஒன்றை எழுதிக் கொடுத்திருந்தேன். 2023 சித்திரைப் பிறப்பை ஒட்டி ஓர் ஆர்டர். மெர்ச்சண்டைசர் திரை நாட்காட்டியில் ஏப்ரல் 15 என்ற கட்டத்தைத்தான் தொட்டார். தரவுத்தளத்தில் பதிந்ததோ ஏப்ரல் 14. செக்கிங், அயர்னிங், பேக்கிங் பிரிவினர் 13ஆம் தேதி இரவு முழுக்கக் கண்விழித்தனர். வருடப் பிறப்புக்கு ஊர் போக வேண்டிய பெண்கள் விடிந்த பிறகே பேருந்து ஏறினார்கள். தேதி பிந்தியிருந்தால் விமானத்தில் அனுப்பும் செலவு கம்பெனியின் தலையில் விழுந்திருக்கும். அன்றே என்னைக் கூப்பிட்டிருப்பார்கள். முந்தியதால் யாரும் கேட்கவில்லை. நானாகக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆயிற்று.

நடந்தது இதுதான். ஜாவாஸ்கிரிப்டின் 'டேட்' என்னும் பொருள், பெயருக்கு மாறாக, தேதியை வைத்திருப்பதில்லை. 1970 சனவரி 1 தொடங்கி உலகப் பொது நேரப்படி கழிந்த மில்லிநொடிகளின் எண்ணிக்கையையே வைத்திருக்கிறது. கட்டத்தைத் தொட்டதும் அது 'ஏப்ரல் 15, இந்திய நள்ளிரவு 12 மணி' என்னும் கணமாகிவிடுகிறது. வழங்கிக்கு அனுப்புகையில் அக்கணம் பொது நேரத்துக்கு மாறுகிறது. ஐந்தரை மணி நேரம் பின்னால் போனால் ஏப்ரல் 14, மாலை 6.30. அந்தச் சரத்தின் முதற்பத்து எழுத்துகளை மட்டும் வெட்டியெடுத்துச் சேமித்த அறிவாளி நான். (இந்த 'டேட்' 1995இல் ஜாவாவிலிருந்து பெயர்த்து நடப்பட்டது. மாதங்களைச் சுழியத்திலிருந்து எண்ணும் வழக்கமும் உடன் வந்து சேர்ந்தது. அதன் கணக்கில் ஏப்ரல் 3ஆம் மாதம்!)

நியூயார்க்கில் இதே நிரல் ஒழுங்காக ஓடும். அங்கே நள்ளிரவு என்பது பொது நேரத்தில் அதே நாளின் அதிகாலை. சேமித்த தேதியைத் திரும்பப் படிக்கும்போதுதான் அவர்களுக்கு இடறும். நமக்கோ எழுதும்போதே இடறுகிறது. அவர்களது எடுத்துக்காட்டுகளை அப்படியே பிரதியெடுக்கும் நம்மவர் கவனிக்க வேண்டிய இடம் இது.

'எல்லாவற்றையும் பொது நேரத்தில் சேமி' என்பது நிரலாளர்க்கு ஓதப்படும் வேதம். அது பாதி உண்மை என்பது என் கட்சி. பணம் வரவான நேரம், பயனர் நுழைந்த நேரம் ஆகியவை கணங்கள்; அவற்றுக்குப் பொது நேரமே சரி. சரக்கேற்றும் நாளும் பிறந்த நாளும் விடுமுறை நாளும் கணங்கள் அல்ல. அவற்றுக்கு மணி கிடையாது. இல்லாத மணியை ஒட்டவைத்தால் நாளே நகர்ந்துவிடும். நாளை நாளாகவே, ஆண்டு, மாதம், நாள் என்றே வைத்திருக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்டும் ஒருவழியாக இதை ஒப்புக்கொண்டிருக்கிறது: 'டெம்போரல்' என்ற புதிய வசதியில் வெறும் தேதிக்கு ஒரு வகை, கணத்துக்கு வேறொரு வகை. 2025 மே மாதம் ஃபயர்ஃபாக்ஸ் 139இல் அது வந்தது.

பிஎச்பிக்காரர்கள் சிரிக்க வேண்டாம். 04/05/2023 என்று சரத்தைக் கொடுத்தால் உங்கள் மொழி அதை அமெரிக்க முறையில் ஏப்ரல் 5 என்று கொள்ளும். 04-05-2023 என்றால் மே 4. நடுவிலுள்ள கோட்டின் சாய்வைப் பார்த்து நாட்டை முடிவு செய்கிறது! 15/04/2023 என்றாலோ கையை விரித்துவிடும். அதைச் சோதிக்காமல் அச்சிட்டால் பில்லில் 01-01-1970 என்று விழும்.

ஐந்தரை மணி வேறுபாட்டை நிரலில் எண்ணாகவே எழுதிவிடுவோரும் உளர். இந்தியாவில் தப்பிக்கலாம், இலங்கைக்கு ஆகாது. 1996 மே மாதம் அந்நாட்டு நேரம் ஆறரையானது. அவ்வாண்டு அக்டோபரில் ஆறாயிற்று. 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. 2000ஆம் ஆண்டு கொழும்பில் பிறந்த குழந்தைக்கு இணையத்தில் சாதகம் கணிக்கும் நிரல் ஐந்தரையை நம்பினால் லக்கினமே மாறினாலும் மாறும். எண்ணை எழுதாமல் 'ஆசியா/கொழும்பு' என்ற நேர வலயப் பெயரைக் கொடுத்தால் இந்த மாற்றங்களை மொழியே பார்த்துக்கொள்ளும்.

நிற்க. அந்தச் செயலியில் இன்னொரு சிக்கலும் இருந்தது. பின்னல் கூடத்தில் இரவு 8 முதல் காலை 8 வரை ஒரு ஷிப்ட். நள்ளிரவுக்குப் பின் ஓடிய துணி எந்த நாள் கணக்கு? கூடத்தில் யாருக்கும் ஐயமில்லை. ஷிப்ட் முடியும்வரை முந்தைய நாள்தான். பஞ்சாங்கமும் நாளைச் சூரிய உதயத்திலிருந்தே தொடங்குகிறது. என் நிரல் மட்டும் 12 மணிக்கு ஒருவரின் கூலியை இரண்டாகப் பிளந்து, இரண்டு நாளிலும் அரை ஷிப்ட் என்று காட்டியது. இப்போது 'கணக்கு நாள்' என்று தனியாக ஒரு கட்டம் வைத்திருக்கிறேன். அதைச் சூப்பர்வைசர் நிரப்புகிறார்.