பேச இயலாதவரின் சம்மதம் எந்த மொழியில்?

வென்டிலேட்டரில் இருப்பவரால் பேச இயலாது. குரல்நாண்களுக்கு இடையே குழாய் செல்கிறது. பெரும்பாலும் மயக்க மருந்தும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே சுவாசச் செயலிழப்பு பற்றிய மருத்துவ ஆய்வுகளில் சம்மதம் தருபவர் பெரும்பாலும் நோயாளி அல்லர். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் உறவினர். பாலக்காட்டின் சித்தூர் வட்டத்திலும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை வட்டங்களிலும் அந்த உறவினர் தமிழ் பேசுபவராக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. தாம் எதற்குக் கையெழுத்திடுகிறோம் என்பது அவருக்குப் புரிய வேண்டும். அது அறநெறி சார்ந்த கேள்வி என்பதோடு மொழியியல் சார்ந்த கேள்வியும் ஆகும்.

இத்துறையில் ஆய்வு எவ்வளவு இன்றியமையாதது என்பதை முதலில் காண வேண்டும். நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்படும் ஏஆர்டிஎஸ் நிலையில், ஒவ்வொரு மூச்சுக்கும் நிறையக் காற்றைச் செலுத்துவதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. 2000இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று 861 நோயாளிகளை இரு குழுக்களாகப் பிரித்து ஒப்பிட்டது. உயரத்தைக் கொண்டு கணக்கிடப்பட்ட எடையில் கிலோவுக்கு 12 மில்லிலிட்டர் பெற்றவர்களில் 39.8 விழுக்காட்டினர் இறந்தனர். 6 மில்லிலிட்டர் பெற்றவர்களில் அது 31 விழுக்காடு. 150 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பெண்ணுக்கு இக்கணக்கின்படி ஒரு மூச்சின் அளவு 520 மில்லிலிட்டரிலிருந்து 260ஆகக் குறைகிறது. 2013இல் வெளியான புரோசிவா ஆய்வு, கடும் பாதிப்புள்ளவர்களை நாளுக்குக் குறைந்தது 16 மணி நேரம் குப்புறப் படுக்கவைத்தபோது 28 நாள் இறப்பு 32.8 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைந்ததைக் காட்டியது. இரண்டிலும் புதிய மருந்தோ விலையுயர்ந்த கருவியோ இல்லை. யாரோ சிலரின் உறவினர்கள் 'சரி' என்று சொன்னதால் கிடைத்த அறிவு அது.

அந்தச் 'சரி'யின் தரமும் கேள்விக்கு உள்ளாகியிருக்கிறது. மேற்கண்ட அமெரிக்க ஆய்வை நடத்திய அதே குழுவின் அடுத்த ஆய்வு, சம்மதப் படிவங்கள் உள்ளிட்ட ஐயங்களால் 2002இல் சில காலம் நிறுத்திவைக்கப்பட்டு, மறுஆய்வுக்குப் பின்னரே தொடர்ந்தது. இந்தியாவில், 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகள், பங்கேற்பவருக்குப் புரியும் எளிய மொழியில் தகவல் தரப்பட வேண்டும் என்கின்றன. படிக்கத் தெரியாதவரிடம் சம்மதம் பெறும்போது நடுநிலையான சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும் என்றும் அவை கூறுகின்றன. விதி தெளிவானது. ஆனால் 'புரியும் மொழி' என்பது எது?

ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். மலையாளத்தில் 'பரிசோதன' என்பது உடலையோ இரத்தத்தையோ பார்த்தறிவது. புதிய சிகிச்சையைச் செய்து பார்ப்பதற்குப் 'பரீக்ஷணம்' என்ற வேறு சொல் உண்டு. தமிழில் 'பரிசோதனை' என்ற ஒரே சொல் இரண்டையும் சுமக்கிறது. 'இது ஒரு மருத்துவப் பரிசோதனை' என்ற வாக்கியத்தைக் கேட்கும் தமிழ் உறவினர், இரத்தம் எடுத்துப் பார்ப்பதைப் போன்ற ஒன்று என்றே கொள்ளக்கூடும். அவர் தரும் சம்மதம் உண்மையானது; ஆனால் அது வேறொன்றுக்கான சம்மதம்.

படிவத்தைத் தமிழாக்கி, மீண்டும் மூலமொழிக்கு மாற்றிச் சரிபார்க்கும் வழக்கமான முறையில் இப்பிழை அகப்படாது. அகராதியின் அளவில் 'பரிசோதனை' சரியான சொல்தான். பிழை சொல்லில் இல்லை, கேட்பவரின் மனத்தில் எழும் பொருளில் இருக்கிறது.

'சமவாய்ப்பு முறையில் ஒதுக்கீடு' என்ற தொடரும் அத்தகையதே. ஆய்வாளருக்கு அது துல்லியமானது. ஏலத் தோட்டத் தொழிலாளிக்கு அது வெறும் ஓசை. 'சீட்டுக் குலுக்கிப் போடுவது போல' என்றால் உடனே புரியும். புரிந்த கணத்திலேயே 'என் அப்பாவின் உயிரைக் குலுக்கலிலா முடிவு செய்வீர்கள்?' என்ற கேள்வியும் எழும். அக்கேள்வி எழ வேண்டும். இரண்டு முறைகளில் எது மேலானது என்று மருத்துவர்களுக்கே இன்னும் தெரியாது என்ற உண்மையை அப்போதுதான் சொல்ல முடியும். கேள்வி எழாதபடி எழுதப்பட்ட படிவம், சம்மதத்தைப் பெறுவதில்லை. கையெழுத்தை மட்டும் பெறுகிறது.

'வென்டிலேட்டர்' என்ற சொல்லே எளிய மக்களின் பேச்சில் ஏறக்குறைய முடிவைக் குறிக்கிறது. ஆனால் கட்டுவிரியன் கடித்துச் சுவாசத் தசைகள் செயலிழந்தவரையும், பூச்சிமருந்து நஞ்சால் மூச்சு நின்றவரையும் அதே கருவிதான் சில நாள்கள் தாங்கி மீட்டெடுக்கிறது. மலைத்தோட்டங்களுக்கு இவ்விரு ஆபத்துகளும் அயலானவை அல்ல. இவ்வேறுபாட்டை உறவினருக்கு விளக்காமல் கேட்கப்படும் சம்மதம், நம்பிக்கை இழந்தவரிடம் கேட்கப்படுவதாகும்.

எல்லைப் பகுதித் தமிழர்களுக்கு மலையாளம் தெரியுமே என்பது வழக்கமான மறுப்பு. சந்தையிலும் பேருந்திலும் போதுமான மொழி, நள்ளிரவில் தாயின் உயிர் பற்றிய முடிவுக்கும் போதும் என்று கொள்வதற்கில்லை. மொழிச் சிக்கல் உள்ளவர்களை ஆய்வில் சேர்க்காமல் விட்டுவிடலாம் என்பது இன்னொரு மறுப்பு. அது எளிது, நியாயம் அன்று. ஆய்வில் இடம்பெறாதவர்களின் உடலும் நோயும் முடிவுகளிலும் இடம்பெறுவதில்லை.

1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடன் தங்கள் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ளும் உரிமையை ஏற்றுள்ளது. ஒரு மனு எழுதுவதற்குக் கிடைத்த மொழி, உயிர்காக்கும் சிகிச்சையின் வாசலில் கிடைக்காமல் போகக் கூடாது.

செய்ய வேண்டியவை பெரிய செலவுடையவை அல்ல. எல்லை மாவட்டங்களில் தமிழரைச் சேர்க்கும் ஒவ்வோர் ஆய்வும் தன் தமிழ்ப் படிவத்தை அப்பகுதி மக்களிடமே முதலில் வாசித்துக் காட்ட வேண்டும். கையெழுத்துக்கு முன், உறவினர் தாம் புரிந்துகொண்டதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்லக் கேட்க வேண்டும். குழாய் அகற்றப்பட்டு நோயாளி தெளிவு பெற்றதும், ஆய்வில் தொடரலாமா என்று அவரிடமே கேட்க வேண்டும். விழித்திருந்தும் பேச இயலாதவர் சுட்டிக் காட்டுவதற்குத் தமிழ்ச் சொற்களும் படங்களும் கொண்ட பலகை ஒன்று படுக்கையருகே இருக்க வேண்டும்.

இவற்றைத் தனியே செய்யும் பொறுப்பை மருத்துவர்கள் மீது சுமத்துவது முறையன்று. வழக்காறுகளையும் இருமொழியத்தையும் ஆராயும் தமிழ், மலையாள, மொழியியல் துறைகள் ஆண்டுதோறும் ஆய்வேடுகளை எழுதிக் குவிக்கின்றன. அவற்றுள் ஒன்றேனும் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசல்வரை சென்று, அங்கு நிற்பவருக்குப் 'பரிசோதனை' என்ற சொல் எவ்வாறு கேட்கிறது என்று ஆராயட்டும்.