மௌனம் பொறுமையாகாது

மருத்துவரைப் பார்த்துத் திரும்பும் ஒருவரை நம் மஹல்லாவில் நிறுத்தி, "டாக்டர் என்ன சொன்னார் பாய்?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒன்றும் சொல்லவில்லை, மாத்திரையை மாற்றி எழுதியிருக்கிறார்" என்பார். "நீங்கள் என்ன சொன்னீர்கள்?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் நம்மை விசித்திரமாகப் பார்ப்பார். "நாம் என்ன சொல்வது? அவருக்குத் தெரியாததா?"

இந்த "அவருக்குத் தெரியாததா" என்ற சொல்லைத்தான் இக்கட்டுரை எதிர்க்கிறது. சிவகாசியிலும் சாத்தூரிலும் வெம்பக்கோட்டையிலும் பணிவு என்ற பெயரில் உலவும் இந்தச் சொல், கால் விரல்களையும் கண் பார்வையையும் சிறுநீரகங்களையும் தின்றுகொண்டிருக்கிறது.

காய்ச்சலுக்குச் செல்பவர் பேசாமல் இருந்தால் பெரிய நட்டமில்லை; காய்ச்சலை வெப்பமானி சொல்லிவிடும். நெடுநோய் அப்படிப்பட்டதன்று. நீரிழிவும் இரத்த அழுத்தமும் ஆஸ்துமாவும் நோயாளியின் வீட்டிலும் தொழிற்கூடத்திலும்தான் வாழ்கின்றன. மருத்துவர் அவற்றை மாதத்திற்கு ஒருமுறை, மேசைக்கு அப்பாலிருந்து எட்டிப் பார்க்கிறார். மீதி இருபத்தொன்பது நாள்களில் நடந்ததை அவருக்கு யார் சொல்வது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணித்தது. தமிழகத்தில் வயது வந்தோரில் ஏறத்தாழ ஏழில் ஒருவருக்கு அது உண்டு. ஜும்ஆவில் நம்மோடு ஒரே ஸஃப்பில் நிற்பவர்களை எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம்மவர்களில் சிலர் இந்த மௌனத்திற்கு மார்க்கச் சாயம் பூசுகின்றனர். நோயைப் பற்றிப் பேசாதிருப்பது ஸப்ர் என்றும், மாத்திரையை விழுங்கிவிட்டு மற்றதை அல்லாஹ்விடம் விட்டுவிடுவது தவக்குல் என்றும் சொல்லப்படுகிறது. அபூதாவூதில் ஜாபிர் (ரலி) வழியாக ஒரு நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. பயணத்தில் ஒருவருக்குக் கல் பட்டுத் தலையில் காயம். அவருக்குக் குளிப்புக் கடமையாகிறது. தயம்மும் செய்துகொள்ளலாமா என்று உடனிருந்தோரிடம் கேட்கிறார். தண்ணீர் இருக்கும்போது உனக்குச் சலுகை இல்லை என்று அவர்கள் தீர்ப்புச் சொல்லிவிடுகின்றனர். அவர் குளிக்கிறார், இறந்தும்விடுகிறார். செய்தி எட்டியபோது நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கோபமுற்றார்கள். தெரியாதபோது கேட்டிருக்க வேண்டாமா என்று கண்டித்து, அறியாமைக்கு மருந்தே கேட்பதுதான் என்றும் உணர்த்தினார்கள். அந்தக் கண்டனம் இறந்தவரை நோக்கியதன்று. அறியாமலேயே அறிந்தவர்போல் பேசியவர்களை நோக்கியது. இன்று சர்க்கரை நோயாளிக்கு டீக்கடையிலும் திருமண வீட்டிலும் மாத்திரையைக் கூட்டவும் குறைக்கவும் யோசனை சொல்லும் பெருமக்கள் இந்த ஹதீஸை ஒருமுறை நிதானமாகப் படிக்கட்டும்.

1700ஆம் ஆண்டில் இத்தாலியின் மோடனா நகரில் பெர்னார்டினோ ரமஸ்ஸினி என்ற மருத்துவர், தொழிலாளர்களின் நோய்கள் பற்றித் தனி நூல் ஒன்றை வெளியிட்டார். பழைய கிரேக்க மருத்துவர்கள் நோயாளியிடம் கேட்கச் சொன்ன கேள்விகளோடு, "உன் தொழில் என்ன?" என்பதையும் கேட்க வேண்டும் என்பதே அவர் முன்வைத்த திருத்தம். முந்நூறு ஆண்டுகள் கடந்தும் அந்தக் கேள்வி நம் ஊரின் எல்லாப் புறநோயாளிப் பிரிவுகளுக்கும் வந்து சேரவில்லை. "பீடி, சிகரெட் உண்டா?" என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது.

கேட்டாலும் வேறொரு சிக்கல் இருக்கிறது. பட்டாசுத் தொழிலில் வெடியுப்பும் கந்தகமும் அலுமினியத் தூளும் சேர்ந்த கலவைக்கு மருந்து என்றுதான் பெயர். "மருந்து வேலை பார்க்கிறேன்" என்று ஒரு தொழிலாளி சொன்னால், வெளியூரிலிருந்து பணிமாற்றத்தில் வந்த இளம் மருத்துவர் அவரை மருந்துக்கடை ஊழியர் என்று எண்ணிக்கொள்ள எல்லா வாய்ப்பும் உண்டு. எனவே விளக்கிச் சொல்ல வேண்டும். மருந்துக் கலவையா, குழாயில் மருந்து செலுத்துவதா, திரி வேலையா, காகிதக் குழாய் சுற்றுவதா? எத்தனை ஆண்டுகளாக? வேலை நாளில் இருமல் மிகுந்து, ஆலை விடுமுறை நாளில் குறைகிறதா? இந்தக் கடைசிச் செய்தி ஒன்றே மருத்துவரின் சிந்தனையை வேறு திசைக்குத் திருப்பும். தொழிலிடத் தூசியால் வரும் மூச்சுக்கோளாற்றை ஐயுறுவதற்கு முதல் தடயம் அதுதான். இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமல் என்றால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை வேண்டும். இவற்றைச் சொல்லாமல் இருமல் டானிக் புட்டியோடு வீடு திரும்புபவர், அடுத்த மாதமும் அதே புட்டியோடுதான் திரும்புவார்.

நீரிழிவுக்காரருக்கோ தொழிலைச் சொல்லாமலிருப்பது உடனடி ஆபத்து. இன்சுலினும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளும் இரத்தச் சர்க்கரையை அளவுக்கு மீறித் தாழ்த்திவிடக் கூடியவை. சர்க்கரை தாழ்ந்தால் கை நடுங்கும், வியர்க்கும், கவனம் கலங்கும். அலுவலக நாற்காலியில் இருப்பவருக்கு இவை நேர்ந்தால் ஒரு மிட்டாயோடு போகும். உராய்வையும் தீப்பொறியையும் அஞ்சி வேலை செய்ய வேண்டிய பட்டாசு அறையில் நேர்ந்தால் என்னாகும்? ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாதென்று விதியே உள்ளது. நடுங்கும் கை ஒருவருடையது; அங்கே உயிர்கள் நான்கு. இந்த மருத்துவச் செய்தியைத் தம் மருத்துவரிடமும் போர்மேனிடமும் மறைப்பவர், பக்கத்தில் அமர்ந்திருப்பவரின் அமானத்தில் கை வைக்கிறார் என்றே சொல்வேன்.

ரமலானில் நாம் மறைப்பது இன்னும் அதிகம். "நோன்பு வைக்கப் போகிறேன் என்று சொன்னால் டாக்டர் வேண்டாம் என்பார், அதனால் சொல்வதில்லை." எத்தனை வீடுகளில் கேட்ட வசனம் இது! முஸ்லிம்கள் பெருமளவில் வாழும் 13 நாடுகளில் 12,000க்கும் மேற்பட்ட நீரிழிவு நோயாளிகளிடம் 2001இல் நடந்த எபிடியார் ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ளோரில் ஐவரில் நால்வர் குறைந்தது 15 நாள் நோன்பு வைத்திருந்தனர். ரமலானில் அவர்களுக்குக் கடுமையான சர்க்கரைத் தாழ்வு மற்ற மாதங்களைவிட ஏழரை மடங்கு பெருகியிருந்தது. சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பும் ரமலானுக்கான நீரிழிவு அமைப்பும் இணைந்து வெளியிட்ட வழிகாட்டல், நோன்புக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே மருத்துவரைச் சந்திக்கச் சொல்கிறது. சிலருக்கு மாத்திரையின் வேளையை இஃப்தாருக்கும் சஹருக்கும் மாற்றினால் போதும். சிலருக்கு அளவைக் குறைக்க வேண்டும். சிலர் நோன்பை விடத்தான் வேண்டும். சர்க்கரை 70க்குக் கீழோ 300க்கு மேலோ போனால் உடனே நோன்பை முறிக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. விரலில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்பதே அறிஞர்களின் நிலைப்பாடு. ஆஸ்துமா இன்ஹேலர் விஷயத்தில் கருத்து வேறுபாடு இருக்கிறது. அதை ஆலிமிடம் கேட்க வேண்டும். மாத்திரையை மருத்துவரிடம் கேட்க வேண்டும். இரண்டையும் பக்கத்து வீட்டாரிடம் கேட்பதுதான் நம் வழக்கமாக இருக்கிறது.

நோயாளிக்கு வேறு நாள்களில் ஈடுசெய்யும் சலுகையை அல்பகரா அத்தியாயத்தில் வழங்கிய இறைவனே அதே இடத்தில், தன் அடியார்க்கு எளிமையை நாடுவதாகவும் அறிவிக்கிறான். அந்தச் சலுகை தமக்கு உண்டா இல்லையா என்று அறிந்துகொள்ளவே மறுப்பவரைப் பேணுதலுள்ளவர் என்று நாம் மெச்சுவது வேடிக்கை.

பழியை முழுவதும் நோயாளியின் தலையில் ஏற்றவும் நான் ஆயத்தமில்லை. 67 நாடுகளின் தரவுகளைத் திரட்டி 2017இல் வெளியான ஆய்வொன்று, இந்தியாவில் முதல்நிலை மருத்துவர் ஒரு நோயாளிக்கு ஒதுக்கும் நேரம் இரண்டு நிமிடத்தை ஒட்டியது என்று கண்டது. ஸ்வீடனில் அது இருபது நிமிடத்திற்கும் மேல். இரண்டு நிமிடத்தில் சீட்டை வாங்கி, இரத்த அழுத்தம் பார்த்து, எழுதி முடிக்க வேண்டும். இடையில் வாய் திறக்கும் கிழவியை அதட்டுவதற்கு வரவேற்பு மேசையில் ஓர் ஆள் வேறு. பீஸ்ரேட்டுக்கு வேலை செய்பவர் ஒருநாள் கூலியை இழந்து, பேருந்தேறி வந்து, மூன்று மணி நேரம் காத்திருந்து பெறுவது இதைத்தான். தொலைபேசியில் கேட்கலாமென்றால் பல கிளினிக்குகளில் அந்த எண் டோக்கன் போடுவதற்கு மட்டுமே. மாத்திரை சாப்பிட்டதும் தலை சுற்றுகிறதே, நிறுத்தலாமா என்று கேட்டால், "நேரில் வாங்க" என்ற ஒரே பதில். நேரில் வர இன்னொரு நாள் கூலி போக வேண்டும். அவர் வருவதில்லை; மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுகிறார். பிறகு "ஒழுங்காக மருந்து சாப்பிடாத நோயாளி" என்று பெயரும் வாங்குகிறார்.

உறவுப் பெண்மணி ஒருவருக்குத் துணையாக ஒரு தனியார் மருத்துவமனைக்குச் சென்றிருந்தேன். உள்நோயாளியாக இருந்தபோது எடுத்த பரிசோதனைகளின் நகலைக் கேட்டோம். "எதற்கு? வேறு டாக்டரிடம் போகப் போகிறீர்களா?" என்றார் மேசையில் இருந்தவர், ஏதோ களவு செய்யப் போகிறோம் என்பதுபோல. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்திற்குள் பதிவேடுகளைத் தர வேண்டும். மருந்துச் சீட்டைப் படிக்கும்படியாக, இயன்றால் பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று 2016இல் திருத்தமும் வந்தது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் வகுத்த நோயாளர் உரிமைச் சாசனத்தை, மறு ஆண்டே மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பியது. இதைச் சொன்னதும் நகல் வந்தது. நகல் எடுத்த செலவை நாம்தான் கொடுத்தோம், அது நியாயமே.

இந்தக் காகிதங்கள் வெறும் காகிதங்களல்ல என்பதை இ.எஸ்.ஐ. திட்டத்தில் பதிவு பெற்ற தொழிலாளர்கள் குறிப்பாக உணர வேண்டும். காசநோய் உள்ளிட்ட 34 நெடுநோய்களுக்கு, உரிய பங்களிப்புக் காலம் நிறைந்திருந்தால், இரண்டு ஆண்டுகள் வரை ஊதியத்தில் 80 விழுக்காடு கிடைக்க அங்கே வழியுண்டு. அதற்கு மருத்துவச் சான்று வேண்டும். சான்றுக்குத் தொடர்ச்சியான பதிவு வேண்டும். பதிவேட்டில் பெயரே ஏற்றாமல் ஆளை வேலை வாங்கும் ஆலைகளைப் பற்றி எழுதத் தொடங்கினால் அது வேறு கட்டுரையாகிவிடும்.

நம் பெண்களின் நிலை இதைவிட மோசம். மருத்துவர் மனைவியைப் பார்த்துக் கேட்பார். பதில் கணவரிடமிருந்து வரும். "அவளுக்கு ஒன்றுமில்லை டாக்டர், அசதிதான்." நீரிழிவில் வரும் அரிப்பையும் சிறுநீர்த் தொற்றையும் அவர் எப்படி அறிவார்? அறிந்தாலும் சொல்வாரா? மார்க்கத்தைக் கற்பதற்கு வெட்கம் தடையாக இருக்கவில்லை என்று அன்ஸாரிப் பெண்களை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டினார்கள். மிக அந்தரங்கமான ஐயங்களை நபியவர்களிடமே கேட்ட பெண்களின் சமுதாயத்தில், மருத்துவரிடம் வாய் திறப்பது மட்டும் எப்படி ஹயாவுக்கு மாறானதாயிற்று? பெண் மருத்துவரைக் கேட்டுப் பெறுங்கள்; கிடைக்காத இடத்தில் செவிலியரிடம் சொல்லுங்கள். கணவன்மார் சற்று நேரம் வெளி பெஞ்சில் அமர்ந்திருக்கலாம், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், மாத்திரையை வாசலுக்கே கொண்டுவந்து தருகிறது. 2024இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருதும் அதற்குக் கிடைத்தது. கூலி இழக்காமல் மாத்திரை கிடைப்பது பெரும் நன்மை, மறுப்பதற்கில்லை. ஆனால் மாத்திரை வீடு தேடி வந்ததும், இனி மருத்துவரையே பார்க்க வேண்டாம் என்று நம்மவர் முடிவு கட்டிவிடுகின்றனர். வாசலுக்கு வரும் அந்தத் தன்னார்வலச் சகோதரியிடம் "சென்ற வாரம் இரண்டு முறை மயக்கம் வந்ததம்மா" என்று சொல்லலாம்; 104 என்ற எண்ணில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம். சொல்லாத மயக்கத்தை யாரும் குறித்துக்கொள்ள முடியாது.

"கேட்டால் டாக்டர் கோபிக்கிறார்" என்பார்கள். கோபிப்பவர்கள் இருக்கிறார்கள்தான். ஆனால் இரண்டு நிமிடமே கிடைக்கும் இடத்தில், மகன் துபாயிலிருந்து அனுப்பிய பணத்தில் தொடங்கி மருமகளின் சமையல் வரை சொல்லிவிட்டுக் கடைசியில் நெஞ்சு வலியைச் சொல்பவரிடம் பொறுமை காப்பது எவருக்கும் எளிதன்று. எழுதிக்கொண்டு போனவரிடம் கோபித்த மருத்துவரை நான் அதிகம் கண்டதில்லை.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் கேட்பது இதுதான். ஷஅபான் கடைசியில் நோன்புக் கஞ்சிக்கு அரிசி திரட்டும் நேரத்தில் இதைப் பேசிப் பயனில்லை. ரஜப் பிறந்ததுமே ஒரு ஜும்ஆவில் மிம்பரிலிருந்து அறிவியுங்கள்: நெடுநோய் உள்ளவர்கள் இந்த மாதமே மருத்துவரைப் பார்த்து நோன்பைப் பற்றிக் கேட்க வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு மதரஸாப் பிள்ளைகள் ஒரு தாளில் எழுதித் தரட்டும். என்ன வேலை, எத்தனை ஆண்டு, என்னென்ன மாத்திரை, எந்த வேளை, எதை நிறுத்தினார், ஏன் நிறுத்தினார், எப்போதெல்லாம் மயக்கம் வந்தது, நோன்பு வைக்க விருப்பமா? ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். தமிழிலேயே எழுதலாம், சிவகாசி டாக்டர்களுக்குத் தமிழ் படிக்க வரும்.